தூணுக்குப் போட்ட சட்டை

நாகர்கோவில்காரி ஒருத்தி தை மாதத்தில் ஓசூருக்குப் புறப்படுகிறாள் என்றால், "ஸ்வெட்டர் எடுத்துக்கோ" என்று சொல்ல வீட்டில் ஒரு நல்ல ஜீவனாவது இருந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் குடையை எடுத்து வைத்தார்கள். காலையில் ஓசூர் பஸ் நிலையத்தில் இறங்கி, பல் கிடுகிடுக்க, குடையும் கையுமாக நின்ற என்னிடம் டீக்கடைக்காரர் கன்னடத்தில் ஏதோ கேட்டார். முழித்தேன். தெலுங்கில் கேட்டார். அதற்கும் முழித்தேன். "டீயா காப்பியா மேடம்?" என்று கடைசியில் தமிழுக்கு வந்து சேர்ந்தார். தமிழ்நாட்டுக்குள் தமிழ் மூன்றாவதாக வந்ததில் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் டீ நல்ல சூடு. மன்னித்துவிட்டேன்.

நான் போனது ஊர் சுற்ற அல்ல. கல்லூரியில் கட்டடப் பொறியியல் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. தக்காணம் கெட்டிப் பாறை, அங்கே நிலம் அசையாது என்று வருஷக்கணக்காகக் கரும்பலகையில் எழுதிப் போட்டவர்கள் நாங்கள். அதே தக்காணத்தில், மகாராஷ்டிரப் பக்கம், பூகம்பத்தில் ஊர் ஊராக வீடுகள் சரிந்து ஜனங்கள் மாண்டுபோன செய்தி வந்ததும் எங்கள் துறைத் தலைவருக்குத் தூக்கம் போய்விட்டது. ஓசூரில் தொழிற்சாலைகள் வந்த வேகத்தில் வீடுகளும் கடைகளும் எழும்பியிருந்தன. பாதிக்கு வரைபடம் கிடையாது, மீதிக்குக் கணக்கே கிடையாது. "ஒவ்வொண்ணையும் உட்கார்ந்து கணக்குப் போட நமக்கு ஆயுசு போதாது. சட்டுனு ஒரு பார்வை பாத்து, இது தேவலை, இது பயம்னு பிரிச்சிட்டு வாங்க" என்று என்னை அனுப்பி வைத்தார்.

அந்தச் சட்டென்ற பார்வைக்கு ஒரு முறை உண்டு. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நிற்கும் தூண்களின் குறுக்களவையும், கனமான சுவர்களின் குறுக்களவையும் டேப் வைத்து அளந்து கூட்ட வேண்டும். மேலே இருக்கும் தளங்களின் மொத்தப் பரப்பால் அதை வகுக்க வேண்டும். தலையில் ஏற்றிய சுமைக்குக் கால் போதுமா என்று பார்ப்பது, அவ்வளவுதான். நிலம் பக்கவாட்டில் உலுக்கினால் வீட்டைப் பிடித்து நிறுத்தப்போவது அந்தத் தூண்களும் சுவர்களும்தானே. ஒரு மாடி, இரண்டு மாடிக் கட்டடத்துக்கு இது தாராளமாகப் போதும். கையில் டேப்பும் பென்சிலும் இருந்தால் கால் மணி நேர வேலை.

எனக்குத் துணையாக வந்தவர் ராமச்சந்திரப்பா. ஓசூரில் வீட்டு பிளான் வரைந்து கொடுப்பவர். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், என்னிடம் தமிழ், கோபம் வந்தால் மூன்றும் ஒரே வாக்கியத்தில். அவரிடம் ஒரு மொபெட் இருந்தது. அது ஓடும் என்று அவர் நம்பினார்.

"லாட்ஜெல்லாம் உங்களுக்குச் சரிப்படாது மேடம். சரோஜம்மா மெஸ் மாடியில ஒரு ரூம் காலியா கீது. சோறும் அங்கயே ஆச்சு" என்றார்.

சரோஜம்மாவின் கட்டடம் தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில் இருந்தது. கீழே மெஸ். மாடியில் என் அறையும், கம்பெனி வேலைக்காரர்கள் குடியிருக்கும் இரண்டு வீடுகளும். கணவர் தவறிய பிறகு அந்த அம்மாள் ஒற்றை ஆளாக நின்று நடத்துகிற மெஸ் அது. வாசலில் இரண்டும் கூடத்தில் நான்குமாகத் தூண்கள். அடேயப்பா, என்ன தூண்கள்! இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தால் விரல் நுனி சேராது. தலைப்பில் தாமரை, அடியில் படிப்படியாகப் பட்டை, உடம்பெல்லாம் சிமெண்டு வரி. சரோஜம்மா மைசூர் அரண்மனைக்குப் போன நாளிலிருந்து அந்த மாதிரித் தூண் வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கட்டியதாம்.

மத்தியானம் களியும் பிதுக்கம்பருப்புக் குழம்பும் போட்டார். கேழ்வரகுக் களியை நான் சோறு மாதிரி மென்று தின்றதைப் பார்த்துக் கூடமே சாப்பிடுவதை நிறுத்தியது.

"மெல்லாத கண்ணு, முழுங்கு!" என்றார் சரோஜம்மா. "களியை மெல்லுவாங்களா? குழம்புல தொட்டு உருட்டி உள்ள தள்ளு."

தள்ளினேன். தொண்டையில் இறங்குகிற வழியெல்லாம் தெரிந்தது. ஆனால் அந்தக் குழம்பு! ஊறவைத்த மொச்சையைத் தோல் பிதுக்கி, கொஞ்சமாகத் தேங்காயும் நிறையப் பூண்டும் போட்டு வைத்த குழம்பு. மீன் இல்லாமல் ஒரு குழம்புக்கு ருசி வரும் என்பதை நாகர்கோவிலில் யாரும் நம்ப மாட்டார்கள். நானும் அதுவரை நம்பியதில்லை.

அன்று சாயங்காலமே சரோஜம்மா விஷயத்தைச் சொல்லிவிட்டார். கம்பெனிகளுக்கு ஆள் சப்ளை செய்யும் சேகர் என்ற காண்ட்ராக்டர், தன் ஆட்களுக்கு மத்தியானச் சாப்பாடு மொத்தத்தையும் இந்த மெஸ்ஸுக்கே கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். ஒரே ஒரு நிபந்தனை. சாப்பாட்டு இடைவேளை அரை மணிதான், அத்தனை பேரும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும். அதற்குக் கூடத்துக்கும் பின்கட்டுக்கும் நடுவில் இருக்கும் நீளச் சுவரை எடுக்க வேண்டும். வியாழக்கிழமை நாள் நன்றாக இருந்தது. மேஸ்திரி முனிரத்தினத்துக்குச் சொல்லி வைத்தாகிவிட்டது.

"இந்த காண்ட்ராக்ட் வந்துட்டா, தெனம் காலையில எழுந்ததும் இன்னிக்கு எத்தினி பேரு வருவாங்களோன்னு வயித்துல நெருப்பு வெச்சிக்கினு நிக்க வேணாம் கண்ணு" என்றார். "கட்டடம் பாக்கத்தான வந்திருக்கற, நம்ம ஊட்டையும் ஒரு பார்வை பாரு."

பார்த்தேன். டேப்பை இழுத்து ஆறு தூண்களையும் அளந்தேன். அந்தப் பருமனுக்கு மூன்று மாடியே ஏற்றலாம். நடுச்சுவரின் பங்கைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டாலும் எண் தெம்பாக நின்றது. "தாராளமா எடுங்கம்மா" என்றேன். என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். அன்றைக்கு இரண்டாவது உருண்டை களியும் இறங்கியது.

மறுநாள் சூளகிரி. ராமச்சந்திரப்பாவின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து, சரோஜம்மா கொடுத்த கம்பளியைச் சுற்றிக்கொண்டு, குளிர் காற்றைக் கிழித்துக்கொண்டு போனோம். கிழித்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. சைக்கிளில் பால் கேன் கொண்டு போனவர் எங்களை முந்திப் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எங்கள் பக்கம் எந்தச் சாலையில் போனாலும் கண்ணில் படுவது தென்னையும் வாழையும் தண்ணீரும். இங்கே யாரோ கொட்டிவிட்டுப் போனது போலப் பாறைக் குன்றுகள், நடுநடுவே தக்காளித் தோட்டம், சாலை ஓரம் புளியமரம். இவ்வளவு வறண்ட மண் இத்தனை அழகாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சூளகிரியில் முதல் வீட்டிலேயே வம்பு. டேப்பைப் பார்த்ததும் வீட்டுக்காரர் வாசலை மறித்து நின்றுகொண்டார். ஹைவேயை அகலப்படுத்த அளக்க வந்துவிட்டோம் என்று நினைத்துவிட்டார்.

"ஒரு அடி நெலம் குடுக்க மாட்டன். கோர்ட்டுக்குப் போவன்!"

"ஐயா, ரோடு இல்லீங்க. பூகம்பம் வந்தா ஊடு நிக்குமான்னு பாக்க வந்திருக்கறாங்க" என்றார் ராமச்சந்திரப்பா.

"பூகம்பம் வந்தப்புறம் வந்து பாருங்க. இப்ப எதுக்கு?"

அவர் மனைவிதான் உள்ளேயிருந்து தெலுங்கில் ஒரு அதட்டல் போட்டு எங்களை உள்ளே விட்டார். அளந்து முடித்து "நல்லா கீதுங்க" என்று ராமச்சந்திரப்பா சொன்னதும் அந்த மனுஷர் முகத்தில் வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே! பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "உன்துதான் ஆடும், எங்குளுது ஆடாது" என்று அறிவித்தார். அவருடைய தூணும் நல்ல கனம். சூளகிரியில் நான் பார்த்த தூண்கள் எல்லாமே நல்ல கனம். இந்த ஊர்க்காரர்கள் கட்டுவதில் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை என்று மெச்சிக்கொண்டேன்.

திரும்பும்போது மொபெட் செயினை அறுத்துக்கொண்டு நின்றது. ராமச்சந்திரப்பா அதை மூன்று மொழியிலும் திட்டினார். அது அசையவில்லை. தக்காளி ஏற்றி வந்த வேன் ஒன்று நிறுத்தி எங்களையும் மொபெட்டையும் ஏற்றிக்கொண்டது. தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில், மொபெட்டின் சீட்டைப் பிடித்துக்கொண்டு, பல்கலைக்கழகத்தில் தங்க மெடல் வாங்கிய நான் ஓசூர் வந்து சேர்ந்தேன். டிரைவர் வாடகை வாங்க மறுத்துவிட்டு, மடி நிறையத் தக்காளி வேறு கொடுத்தார். புடவையில் விழுந்த கறை கடைசி வரை போகவில்லை.

அடுத்த நாள் புதன்கிழமை. காலை உணவுக்கு இறங்கி வந்தபோது கையில் இருந்த கம்பளி பனியில் நனைந்திருந்தது. ராத்திரி மாடிக் கைப்பிடிச் சுவரில் மறந்து வைத்துவிட்டேன். சரோஜம்மா தலையில் அடித்துக்கொண்டு, "குடு இப்டி" என்று பிடுங்கினார். இஞ்சி தட்டுகிற கல்லை எடுத்தார். மூன்று அங்குல ஆணி ஒன்றைக் கூடத்துத் தூணில் வைத்து ஒரு தட்டு, இரண்டு தட்டு, மூன்று தட்டு. ஆணி, தலை மட்டும் கொஞ்சம் வெளியே நிற்க, உள்ளே போய்விட்டது. கம்பளியை அதில் மாட்டிவிட்டு, "நான் கிருஷ்ணகிரிக்குப் போயி அண்டா குண்டா எல்லாம் வாங்கியாறன், வர சாயங்காலம் ஆவும்" என்று கிளம்பிப் போனார்.

நான் இட்லியை அப்படியே வைத்துவிட்டு அந்தத் தூணைப் பார்த்தேன். அதே தூணில் காலண்டர் ஒரு ஆணியில், டிபன் கேரியர்கள் நாலைந்து ஆணியில், சாமி படம் ஒரு ஆணியில். மூன்று நாளாக அந்தத் தூணுக்கு எதிரே உட்கார்ந்து தின்றிருக்கிறேன். கான்கிரீட்டில் ஆணி அடித்துப் பார்த்திருக்கிறீர்களா? ஆணிதான் வளையும். மேல்பூச்சில் அரை அங்குலம் இறங்கலாம், மூன்று அங்குலம் இறங்கவே இறங்காது. எழுந்து போய்க் கம்பளியை எடுத்துவிட்டு ஆணியை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினேன். நுனியோடு செங்கல் தூள் வந்தது, சிவப்பாக.

ராமச்சந்திரப்பா வந்ததும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

"ஆமா மேடம், சட்டை போட்டிருக்கறாங்க" என்றார், மழை பெய்கிறது என்பது போல.

"என்ன சட்டை?"

"உள்ள ஒம்போதுக்கு ஒம்போது இஞ்ச் கான்கிரீட் கம்பம் இருக்கும். அது பாக்க நோஞ்சானா இருக்குதேன்னு சுத்தி செங்கல் வெச்சு, பூசி, பூ போட்டு உட்டுடுவாங்க. இங்க எல்லார் ஊட்லயும் அப்டித்தான். தூணு ஒல்லியா இருந்தா சம்பந்தி ஊட்டுக்காரங்க என்னா நெனப்பாங்க? சூளகிரியிலயும் அதேதான்."

"இதை ஏன் சார் முதல்லயே சொல்லலை?"

"எல்லாருக்கும் தெரியுமே மேடம். உங்க ஊர்ல போட மாட்டாங்களா?"

எனக்கு வந்த கோபத்தில் அவர் மேல் பாயலாமா, என் மேலேயே பாயலாமா என்று தெரியவில்லை. அவர் என்னை ஏமாற்றவில்லை. யாருமே ஒளிக்கவில்லை. கல்யாணத்துக்குப் பட்டு கட்டுவது மாதிரி அவர்கள் தூணுக்கும் கட்டியிருக்கிறார்கள். டேப்பை எடுத்துக்கொண்டு வந்து அந்தப் பட்டுப் புடவையையும் சேர்த்து அளந்தது நான். ஒட்ட வைத்த செங்கல் கண்ணுக்கு விருந்து, அவ்வளவுதான். நிலம் உலுக்கினால் அது உரிந்து விழும். உள்ளே இருக்கும் நோஞ்சான் கம்பம்தான் மாடியைப் பிடிக்க வேண்டும்.

உட்கார்ந்து புதுக்கணக்குப் போட்டேன். ஒன்பது அங்குலக் கம்பம் ஆறும், நடுச்சுவரும்; மற்றச் சுவரெல்லாம் மெலிசு, கணக்கில் வராது. சுவரோடு சேர்த்தால் ஏதோ சுமாராகத் தேறியது. சுவரைக் கழித்தேன். எண் பாதாளத்துக்குப் போனது. அந்த வீட்டை இத்தனை நாளும் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டிருந்ததே அந்த நடுச்சுவர்தான். அதைத்தான் மறுநாள் காலையில் இடிக்கப் போகிறார்கள், என்னுடைய "தாராளமா"வை நம்பி.

சரோஜம்மா வரும் வரை கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. செயின் மாற்றிய மொபெட்டில் உத்தனப்பள்ளிச் சாலைக்குப் போனோம். இந்த முறை டேப்போடு ஆணியும் சுத்தியலும். முதல் வீட்டில் தூணில் ஆணியை வைத்து ஒரு தட்டுத் தட்டியதுதான் தாமதம், உள்ளேயிருந்து ஒரு அம்மாள் அலறிக்கொண்டு வந்தார்.

"ஐயோ! யாரோ ஒருத்தி ஊட்டுக்கு ஆணி அடிக்கறா! எங்குளுக்கு செய்வினை வெக்கறா!"

தெருவே கூடிவிட்டது. நான் சுத்தியலை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது. ராமச்சந்திரப்பா தமிழில் ஆரம்பித்துத் தெலுங்குக்குத் தாவி, கன்னடத்தில் ஒரு பெரியவரைப் பிடித்துச் சத்தியம் செய்து என்னை மீட்டார். அலறிய அம்மாளே பிற்பாடு மோர் கொடுத்தார், ஆனால் ஆணியைத் தன் கையால்தான் பிடுங்கினார். அதைத் தண்ணீரில் போட்டுவிட்டுத்தான் எனக்கு டம்ளரை நீட்டினார். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

சாயங்காலம் சரோஜம்மா ஆட்டோ நிறைய அண்டாவும் தவலையும் கரண்டியுமாக வந்து இறங்கினார். முகம் பூரித்துப் போயிருந்தது. பெரிய அண்டா ஒன்றைத் தட்டிக் காட்டி, "சத்தம் கேளு, கோயில் மணி மாதிரி இல்ல?" என்றார். நான் நின்ற நிலையிலேயே சொல்லிவிட்டேன். இழுத்தால் சொல்லவே வராது என்று எனக்குத் தெரியும்.

முதலில் சிரித்தார். "அட, உள்ள செங்கல்லுதான். நான்தான் போடச் சொன்னன். நடுவுல கம்பி இருக்குதே!" என்றார். நான் ஆணியைக் காட்டி, உள்ளே இருக்கும் கம்பத்தின் அளவை அடுக்களைத் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினேன். ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்கார முடியாத கட்டம். அதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"முந்தாநேத்து தாராளமா எடுன்ன. இன்னிக்கு எடுக்காதங்கற. நீ என்னா இஞ்சினியரு?"

"முந்தாநேத்து சட்டையை அளந்துட்டேன்ம்மா."

"வேற வழி ஒண்ணுமே இல்லியா?"

"இருக்கு. செங்கல்லை உரிச்சிட்டு, கம்பத்தைச் சுத்திப் புதுசா கம்பி கட்டி கான்கிரீட் போடணும். அப்புறம் சுவரை எடுக்கலாம். ஒரு மாசம் மெஸ்ஸை மூடணும்."

"ஒரு மாசம்! சேகரு ஒரு வாரம் தாங்க மாட்டான். அடுத்த தெருவுல இன்னொரு மெஸ் வாயப் பொளந்துக்கினு காத்திருக்குது." அண்டாவைக் காலால் தள்ளினார். "மேல போ. எனுக்கு வேலை இருக்குது."

அன்று அவர் என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. மாடியில் குடியிருந்த பெண் ஒருத்தி தட்டில் தோசையோடு வந்து, "அம்மா குடுக்கச் சொன்னாங்க. பேச மாட்டாங்களாம்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நாகர்கோவிலில் எங்கள் வீட்டில்கூடக் கோபித்துக்கொண்டால் சோறு கிடையாது.

வியாழக்கிழமை காலை நான் பையைக் கட்டிக்கொண்டு இறங்கியபோது நடுச்சுவருக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்துத் தேங்காய் உடைத்தாகிவிட்டது. முனிரத்தினம் மேஸ்திரி சம்மட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். சரோஜம்மா என்னைப் பார்க்காமலே பேசினார்.

"ஒரே ஒரு வார்த்தை சொல்லு. இந்த ஊர்ல நெலம் ஆடுமா, ஆடாதா?"

என்னிடம் எத்தனையோ படம் இருந்தது, பாடம் இருந்தது.

"தெரியாதும்மா. எனக்கு மட்டுமில்ல, யாருக்கும் தெரியாது. ஆடாமலே போகலாம். ஆடினா, அந்தச் சுவர் இல்லாம இந்த வீடு நிக்காது. அது மட்டும் தெரியும்."

அவர் மேஸ்திரியைப் பார்த்தார். "ஏன் முனிரத்தினம், நீதான கட்டுன. நீ சொல்லு."

"நான் இடிக்கறதுன்னா இடிக்கறன், உடறதுன்னா உடறன் அக்கா. ஆடுறதெல்லாம் எனுக்கு என்னா தெரியும்?" என்று அவர் தலையைச் சொறிந்தார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. சேகர். வெள்ளைச் சட்டை, பையில் பேனா, வாயில் பாக்கு. உள்ளே எட்டிப் பார்த்து, "இன்னும் இடிக்கலியா? திங்கக்கிழமை ஆளுங்க வர்றாங்கம்மா" என்றார். சரோஜம்மா நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். அவர் என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"படிச்சவங்க அப்டித்தான் பயமுறுத்துவாங்க. நம்ம ஊரு பாறை மேல ஒக்காந்திருக்குதும்மா. எங்க தாத்தா காலத்துல இருந்து ஆடல. நீங்க தைரியமா இடிங்க, நான் சொல்றன். ஒண்ணும் ஆவாது."

"நெசமாவா?"

"சத்தியமா."

சரோஜம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சரி. அப்ப உன் பொண்டாட்டி புள்ளைங்களக் கூட்டியாந்து மேல ஊட்ல குடி வை. இந்தம்மா தங்கியிருந்த ரூம் இன்னிக்குக் காலி ஆவுது. வாடகை வேணாம். அவங்க மேல படுத்துத் தூங்கட்டும், நான் கீழ இடிக்கறன்."

சேகரின் வாயில் பாக்கு அசைவது நின்றது. "அது எப்டிம்மா... எங்குளுக்குச் சொந்த ஊடு இருக்குதே..." என்றார்.

"இருக்குதில்ல? இங்க மேல இருக்கறவங்களுக்கு இதுதான் ஊடு. ரெண்டு வருசமா என் கையாலதான் சோறு தின்னுதுங்க, அதுங்க புள்ளைங்க. போ சாமி. வேற எடம் பாத்துக்கோ."

ஸ்கூட்டர் இரண்டு மூன்று உதையில் கிளம்பிப் போனது. முனிரத்தினம் சம்மட்டியைச் சத்தம் வராமல் சுவர் ஓரமாகச் சாய்த்து வைத்தார். சரோஜம்மா அதுவரை நிமிர்ந்து நின்றவர், அடுக்களைக்குள் போய், வாங்கி வந்த அண்டாக்களுக்கு நடுவில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். உதறவில்லை. ஆனால், "என்னைச் சமாதானம் பண்ணாத. முதல் ஷிப்ட்டு ஆளுங்க வர நேரம். எல போடு" என்றார்.

இலையைப் போட்டேன். அதற்குள் கூடம் நிறைந்துவிட்டது. ராமச்சந்திரப்பா வாசலில் ஹாரன் அடித்து, "மேடம், பஸ் போயிடும்!" என்று கத்தினார். "போகட்டும்!" என்று நானும் கத்தினேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இடது கையில் சாம்பார் வாளி, வலது கையில் கரண்டி. ஒருவர் தெலுங்கில் எதையோ கேட்டார், சாம்பார் ஊற்றினேன். அடுத்தவர் கன்னடத்தில் கேட்டார், அவருக்கும் சாம்பார்தான். அடுக்களையிலிருந்து அழுகைச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டு, கொடுத்ததைத் தின்றார்கள்.